வேலியில் தொடங்கிய நகரம்

ஆங்கிலத்தில் 'டவுன்' நகரம். ஜெர்மனில் 'ட்சவுன்' வேலி. டச்சில் 'டாயின்' தோட்டம். ஐஸ்லாந்து மொழியில் 'டூன்' பண்ணைவீட்டை ஒட்டிய புல்வெளி. நான்கும் ஒருதாய் மக்களா என்று அறிய, முதலில் பொருளை ஓரமாக வைத்துவிடுங்கள். ஒலிதான் சாட்சி.

வீட்டைக் குறிக்கும் சொல்லை அருகில் எழுதிப் பாருங்கள்: ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் 'ஹவுஸ்', டச்சில் 'ஹாயிஸ்', ஐஸ்லாந்தில் 'ஹூஸ்'. அதே வரிசையில் அதே உயிர்மாற்றம். அடுத்து முதல் மெய். ஆங்கிலப் பத்து 'டென்', ஜெர்மனில் 'ட்சேன்'. நாக்கு அங்கே 'டங்', இங்கே 'ட்சுங்க'. இப்படி மூன்று நான்கு சொற்களாவது ஒத்து வராமல் உறவு கொண்டாடாதீர்கள். எடையைக் குறிக்கும் 'டன்'னையும் இந்தக் குடும்பத்தில் சேர்த்து ஒரு முழுப்பக்கம் எழுதிக் கிழித்தவன் நான். அது பீப்பாயைக் குறித்த வேறொரு சொல்லின் வாரிசு. அதன் உயிர் குறில் என்பதை அன்று கவனிக்கவில்லை.

ஒலி பொருந்திய பிறகு பொருளுக்கு வாருங்கள். எனக்குப் பிடித்த கட்டம் இதுதான். பழைய ஆங்கிலத்தில் 'டூன்' என்பது அடைப்புள்ள இடம், பண்ணை, சிற்றூர் என்று விரிந்தது. ஜெர்மன் வேலியோடு நின்றுவிட்டது. டச்சு வேலிக்குள் இருந்ததை எடுத்துக்கொண்டது. தமிழில் 'வேலி' நில அளவையாகவும் ஆனதை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

இன்னும் பின்னோக்கிப் போகலாம். ஐரிஷ் மொழியில் கோட்டைக்குப் பெயர் 'டூன்'; பிரான்சின் லியோன் நகரம் ரோமானியர் காலத்தில் 'லுக்டூனம்'. நம் எழுத்து இங்கே காலை வாரும். முதலில் பார்த்த நான்கு மொழிகளும் அடங்கிய ஜெர்மானியக் குடும்பத்தின் ட, 'பாட்டு'வில் வருவது. ஐரிஷும் லியோனின் பழைய மொழியும் அடங்கிய கெல்டியக் குடும்பத்தின் ட, 'பாடு'வில் வருவது. இரண்டையும் தனிக்குறியிட்டு எழுதுங்கள். ஏனென்றால், மெல்லிய ட ஜெர்மானியத்தில் வல்லொலியாக மாறியது ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோபு கிரிம் 1822-இல் விளக்கிய ஒலிமாற்றத்தின் ஒரு பகுதி. ஆகவே, கெல்டியத்திலிருந்து கடனாக வந்திருந்தாலும் பிறப்பிலேயே பொதுச்சொத்தாக இருந்தாலும், அந்த மாற்றத்துக்கு முன்பே இந்தச் சொல் ஜெர்மானியத்தில் இருந்திருக்கிறது.

இப்போது ஜெர்மானிய மூலவடிவத்தை எழுதலாம்: *டூன. கடைசி அகரத்தை மூக்கொலியோடு சொல்லுங்கள். முன்னால் உள்ள உடுக்குறியை விட்டுவிடாதீர்கள். எந்தக் கல்லிலும் ஏட்டிலும் இந்த வடிவம் கிடைக்கவில்லை, வாரிசுகளை வைத்து நாம் மீட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.