இடுப்பு மூட்டு வலியோடு புதிய நாட்டுக்கு வருபவர்களுக்கு

வந்திறங்கியதும் குடும்ப மருத்துவர் ஒருவரிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். காப்பீட்டில் பிசியோதெரபி எத்தனை அமர்வுகளுக்குக் கிடைக்கும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய ஸ்கேன் அறிக்கையோடு படங்களையும் கையில் வைத்திருங்கள். நேராக நிபுணரைப் பார்த்துப் பழகிய நமக்குப் பரிந்துரைக் கடிதத்துக்குக் காத்திருப்பது எரிச்சலூட்டும் என்றாலும், எனக்கு எட்டு மாதங்களை இழக்கச் செய்தது அந்தக் காத்திருப்பு அல்ல, ஒரு பயிற்சித் தாள்.

குனிந்து ஷூ நாடா கட்டும்போதெல்லாம் தொடை இடுக்கில் வலித்தது. ஹிப் இம்பின்ஜ்மென்ட் என்றார்கள். தொடை எலும்பின் தலைக்கருகே புடைப்பு இருந்தாலோ, இடுப்புக் கிண்ணத்தின் விளிம்பு அளவுக்கு மீறி நீண்டிருந்தாலோ, காலை மடக்கும்போது இரண்டும் மோதி, விளிம்பிலுள்ள குருத்தெலும்பு நசுங்குகிறது. வலியே இல்லாத பலரின் எக்ஸ்ரேயிலும் இதே வடிவம் தெரியும் என்பதால், அறிகுறி, உடல் பரிசோதனை, படம் ஆகிய மூன்றும் பொருந்தினால்தான் இந்த நோய் என்று 2016இல் வார்விக்கில் கூடிய நிபுணர்கள் வரையறுத்தார்கள்.

என்னிடம் ஒரு பயிற்சித் தாளை நீட்டி, ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை இரு கைகளாலும் மார்போடு இழுத்து, முப்பது எண்ண வேண்டும். ஒவ்வொரு முறையும் கதவிடுக்கில் விரல் மாட்டியதுபோல் வலித்தும், வலித்தால்தான் பிடிப்பு விடும் என்று நம்பி இன்னும் அழுத்தினேன். சுருக்கென்று குத்துகிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது என்று தாய்மொழியில் சொல்லியிருந்தால் யாராவது நிறுத்தியிருப்பார்கள். அயல்மொழியில் ‘வலி’ என்ற ஒற்றைச் சொல்தான் வாயில் வந்தது. கடைசியில் ‘பிசியோதெரபி பலனளிக்கவில்லை’ என்று எழுதி, அறுவை சிகிச்சைப் பட்டியலில் என்னைச் சேர்த்துவிட்டார்கள்.

நான் செய்தது பிசியோதெரபியே அன்று. பிசியோதெரபியையும் நுண்துளை அறுவையையும் (சிறு துளைகள் வழியே மோதும் எலும்பைச் செதுக்குவது) ஒப்பிட்டு, பிரிட்டனில் 348 பேரை வைத்து நடத்தி 2018இல் வெளியான ஆய்வில், பிசியோதெரபி என்பது 12 முதல் 24 வாரங்களில் 6 முதல் 10 அமர்வுகள், ஆளுக்கேற்ற, படிப்படியாகக் கடினமாகும் பயிற்சிகள். ஓராண்டில் இரு தரப்பினருமே தேறினார்கள். இடுப்பு தொடர்பான வாழ்க்கைத் தரத்தை அளக்கும் மதிப்பெண்ணில் நுண்துளை அறுவைப் பிரிவு 100க்கு 6.8 புள்ளிகள் கூடுதலாகத் தேறியது. அறுவையின் பலன் உண்மையானதுதான், ஆனால் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை. ஆகவே பட்டியலில் பெயர் ஏறுமுன், உங்களுக்குக் கிடைத்தது நேரில் கண்காணித்த பயிற்சியா, வெறும் தாளா என்று கேளுங்கள்.

பின்னர் வாய்த்த பிசியோதெரபிஸ்ட் முதல் நாளே அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொண்டு, மோதும் இடத்திலேயே தினமும் மோதவிட்டிருக்கிறீர்கள் என்றார். புட்டத் தசைகளையும் வயிற்றுத் தசைகளையும் வலுப்படுத்தி, ஆழமாக மடக்குவதைத் தவிர்த்து, ஐந்து மாதத்தில் வலியின்றி மாடிப்படி ஏறினேன், அறுவை வேண்டியிருக்கவில்லை. அதே பயிற்சியை முறையாக முடித்தும் வலி தீராத என் நண்பருக்கு அறுவைதான் கைகொடுத்தது, அதில் தவறொன்றுமில்லை. மூட்டு ஏற்கெனவே கணிசமாகத் தேய்ந்திருந்தால் மட்டும் இந்த அறுவையால் பெரிய பலன் இராது. அதை அறுவை மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். அறுவைக்குப் பின்னும் சில வாரங்கள் ஊன்றுகோல், பல மாதங்கள் பிசியோதெரபி உண்டு. உற்றார் பக்கத்தில் இல்லாத இடத்தில் ஒரு குவளைத் தண்ணீர் எடுத்துத் தரவும் ஆள் தேவைப்படும். அந்த ஆள் யார் என்று முடிவான பிறகே தேதிக்குச் சம்மதியுங்கள்.