டெமோவை நானே நடத்தினேன்

முதல் தடவை கிளினிக் மென்பொருள் வாங்கும்போது விற்பனையாளர் காட்டிய டெமோவை அப்படியே நம்பிவிட்டேன். சீக்கிரமே ஒரே நோயாளிக்கு இரண்டு, மூன்று பதிவுகள் சேர்ந்துவிட்டன. பென்சிலின் அலர்ஜி ஒரு பதிவில் இருக்கும், மருந்துச் சீட்டு இன்னொன்றிலிருந்து போகும். ஒருமுறை நர்ஸ் கவனித்துத் தடுத்தார். நினைத்தால் இன்றும் பதறுகிறது.

அடுத்த தடவை, கற்பனைப் பெயர்களில் 20 பதிவுகளை நானே தயாரித்து மூன்று மென்பொருள் நிறுவனங்களிடம் கொடுத்தேன். இரட்டைப் பதிவுகளை இணைக்கச் சொன்னேன். பென்சிலின் அலர்ஜி உள்ளவருக்கு, அதே பென்சிலின் வகை மருந்தான அமாக்சிசிலின் எழுதிப் பார்த்தேன். எச்சரிக்கை வந்தே ஆக வேண்டும். ஐசிடி-10 (நோய்களுக்கான சர்வதேசக் குறியீட்டுப் பட்டியல்) தேடலையும் பார்த்தோம், சரியாக இருந்தது. அப்புறம் எல்லாத் தரவையும், எக்செல் போன்றவற்றில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாக வெளியே எடுக்கச் சொன்னேன். இரண்டு நிறுவனங்கள் அங்கேதான் தடுமாறின. மூன்றாவதை எடுத்தோம். பழைய பதிவுகளைப் பிறந்த தேதி, தொலைபேசி எண் வைத்துச் சரிபார்த்து இணைக்க 6 வாரம் ஆனது.