494 விசா: கொழும்பிலிருந்து போவோருக்கு

அவுஸ்திரேலியாவின் 494 என்பது, அங்குள்ள முதலாளி ஸ்பொன்சர் செய்யும் பிராந்திய வேலை விசா. இதில் முதல் அடி எடுக்கவேண்டியவர் அந்த முதலாளிதான். அவர் ஸ்பொன்சர் அனுமதி எடுத்து உங்களை அந்த வேலைக்கு நொமினேட் செய்யவேண்டும் (முன்மொழியவேண்டும்). வேலை சிட்னி, மெல்பேர்ன், பிரிஸ்பேனுக்கு வெளியே. பேர்த், அடிலெய்ட் சரி.

பொதுவாக வயது 45க்குக் கீழ், ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சையில் ஒவ்வொரு பிரிவிலும் 6, தொழிற்திறன் மதிப்பீடு, 3 வருட முழுநேர அனுபவம்.

சறுக்குவது பெரும்பாலும் சேவைக் கடிதத்தில். பதவியும் திகதியும் மட்டும் இருந்தால் போதாது. செய்த வேலைகள், வாராந்த மணித்தியாலங்கள், சம்பளம் எல்லாம் எழுதி வாங்குங்கள். ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கூற்றோடு மாதம் மாதமாக ஒப்பிடுங்கள். பங்களிப்பு விழாத மாதங்களுக்குக் கேள்வி வரும். கையில் காசாகச் சம்பளம் வாங்கியவர்களுக்கு இது பெரிய தலையிடி.

ஸ்பொன்சர்ஷிப்பை விற்பது அங்கே சட்டவிரோதம். காசு கேட்டால் விலகிவிடுங்கள்.

விசா 5 வருடம். 3 வருடம் நிபந்தனைப்படி இருந்து, 3 வரி ஆண்டுகளின் வருமான வரி மதிப்பீட்டு அறிவித்தல்களோடு 191 என்ற நிரந்தர வதிவிட விசாவுக்கு விண்ணப்பிக்கலாம்.