நஞ்சு விழவில்லை என்று அவசரப்படாதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட லயத்துக்குப் பின்னால் இரண்டு மூன்று மாடு வைத்திருக்கும் வீடுகள் இன்றும் உண்டு. மாடு கன்று போட்டால் போதும், போகிற வருகிறவர்கள் எல்லாம் கேட்பது ஒன்றுதான்: "நஞ்சு விழுந்துருச்சா?" கன்றுக்குப் பின் வெளியே வர வேண்டிய நஞ்சுக்கொடியைத்தான் நஞ்சு என்கிறார்கள். இல்லை என்றால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அதில் பாதி மாட்டைக் கெடுப்பவை.

கையை விட்டு நஞ்சை இழுப்பதுதான் பெரிய தவறு. நஞ்சு கருப்பையில் ஒரே இடத்தில் ஒட்டியிருப்பதில்லை. சட்டைப் பொத்தான் போட்டதுபோல் சுமார் நூறு இடங்களில் கோத்திருக்கும். அந்தப் பிடிகள் தாமே தளர வேண்டும். இழுத்தால் பிய்ந்து, ரத்தம் கசிந்து, கிருமி ஏறும். சிறு வயதில் எங்கள் கொட்டகையில் தொங்கிய நஞ்சில் பழைய செருப்பைக் கட்டிவிட்டார்கள். கனத்தில் பாதி அறுந்து விழுந்தது, மீதி உள்ளேயே அழுகியது. அந்த நாற்றம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

பெரும்பாலான மாடுகளுக்கு 12 மணி நேரத்துக்குள் நஞ்சு விழுந்துவிடும். 24 மணி நேரம் ஆகியும் விழாவிட்டால் டாக்டரைக் கூப்பிடுங்கள். அதுவரை தரையில் இழுபடாமல் முடிச்சுப் போட்டு விட்டால் போதும். தொடும்போது கையுறை அவசியம். கன்று வீச்சு நோய்க் (புருசெல்லோசிஸ்) கிருமி நஞ்சு வழியாக மனிதருக்கும் தொற்றும். விழுந்ததை நாய் இழுக்காதபடி ஆழமாகப் புதையுங்கள்.

"நஞ்சு விழட்டும், அப்புறம் கன்றை ஊட்டவிடலாம்" என்பார்கள். இது எனக்கு மனம் பொறுக்காத ஒன்று. கன்று மடியை முட்டிக் குடிக்கும்போது மாட்டின் உடலில் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கிறது, அதுதான் கருப்பையை இறுக்கிச் சுருக்குகிறது. ஊட்டவிடாமல் வைத்தால் நஞ்சு தள்ளக் கிடைக்கும் உதவியைத் தடுக்கிறோம். கன்றுக்கும் முதல் சில மணி நேரத்திலேயே சீம்பால் போக வேண்டும்.

சுண்ணாம்புச்சத்து குறைந்தாலும் கருப்பை சுருங்க வலுவில்லாமல் போகும். காது சில்லிட்டு, மாடு எழ முடியாமல் கழுத்தை ஒரு பக்கம் மடித்துப் படுத்தால் காத்திருக்க நேரமில்லை, உடனே டாக்டர் வரவேண்டும்.

கன்று போட்ட அன்று கருப்பை ஒன்பது கிலோ அளவுக்கு இருக்கும். ஒரு மாதத்தில் ஒரு கிலோவாகச் சுருங்கிவிடும். அதனால் முதல் இரண்டு வாரம் பழுப்புச் சிவப்பாகக் கசிவு வந்தால் பயந்து மருந்தால் கழுவ வேண்டாம். கழிவு வெளியேறுகிறது, அவ்வளவுதான். தண்ணீர்போல் நாறும் கசிவு, தீனி எடுக்காமை, 39.5 டிகிரிக்கு மேல் காய்ச்சல், இவைதான் நோயின் அறிகுறிகள். ஊசி போட்டால் டாக்டர் சொன்ன நாள்வரை பாலை விற்காதீர்கள்.

கடைசியாக, முதல் சினைப்பருவம் ஒரு மாதத்திலேயே வந்தாலும் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட ஓடவேண்டாம். உள்சுவர் முழுதாக ஆற ஆறேழு வாரமாகும். கன்று போட்ட தேதியைக் கடைக்காரர் தந்த காலண்டரில் வட்டமிட்டு, 60 நாள் எண்ணி, அடுத்து வரும் பருவத்தில் போடுங்கள்.