ஆர்க்டிக்கில் களப்பணியா? பேட்டரி உள்சட்டைப் பையில் இருக்கட்டும்

நார்வேயின் ஸ்வால்பார்டில், 78 டிகிரி வடக்கில் இருக்கிறது லாங்யியர்பியன். அங்குள்ள பல்கலைக்கழக மையத்தில் இளநிலை மாணவர்களே பனியாற்றுக்கும் கடல்பனிக்கும் நேரில் போய் அளந்து வருகிறார்கள். பனிக்கரடி, பனிப்பிளவு பற்றியெல்லாம் பாதுகாப்புப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அதில் ஒரு மணி நேரத்தைக்கூடத் தவறவிடாதீர்கள். நான் சொல்ல வந்தது சின்ன விஷயம், ஆனால் ஒரு நாள் உழைப்பையே காப்பாற்றும்.

கடுங்குளிரில் லித்தியம் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகிவிடும். முழு சார்ஜ் இருந்த ஜிபிஎஸ் கருவி பாதி வேலையில் அணைந்துபோகும். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். உடம்பை ஒட்டிய பையில் கொஞ்ச நேரம் வைத்தால் பெரும்பாலும் மறுபடி வேலை செய்யும். மாற்று பேட்டரிகளையும் அங்கேயே வையுங்கள். உறைந்த பேட்டரியை உடனே சார்ஜில் போடவே கூடாது. பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸுக்குக் கீழான குளிரில் சார்ஜ் ஏற்றினால் அது நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

அப்புறம் கேமரா. சில்லென்ற கேமராவைச் சூடான குடிலுக்குள் அப்படியே கொண்டுபோனால் லென்ஸிலும் உள்ளேயும் ஈரம் படியும். வாசலிலேயே மெமரி கார்டைக் கழற்றிக்கொண்டு, கேமராவை ஜிப் கவரில் காற்றுப் புகாமல் மூடுங்கள். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால் போதும்.

குறிப்பெடுக்கப் பேனா வேண்டாம், மை இறுகிவிடும். பென்சில்தான் சரி. அதை நோட்டோடு நூலில் கட்டிவிடுங்கள். தடித்த கையுறை போட்ட விரலுக்கு, பனியில் விழுந்த பென்சில் அகப்படாது.