மணிகரண் வெந்நீர் ஊற்றுக்கு நடந்து போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஜனவரியில் இமாச்சலப் பிரதேசத்தின் கசோல்–மணிகரண் மலைச் சாலையில், நம் கடலூர் மஞ்சக்குப்பத்துக் குடும்பம் ஒன்று ஈரத்தலையோடு நடுங்கியபடி திரும்பி வந்துகொண்டிருந்தது. பத்து வருடத்துக்கு முன் நானும் என் மனைவியும் வந்த அதே கோலம். ஸ்வெட்டர் எடுத்துப் போக வேண்டும் என்பதெல்லாம் கடலூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தலை முழுகிவிட்டு உடனே நடப்பது

தீர்த்தம் என்றால் தலை முழுகியே ஆக வேண்டும் நமக்கு. தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவில் தென்பெண்ணையில் முழுகி, ஈரத் துண்டோடு மணலில் உட்கார்ந்து சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அங்கே வெயில் காய வைத்துவிடும். மணிகரண் இருப்பதோ 1,700 மீட்டருக்கு மேலே, பார்வதி ஆற்றின் குறுகிய பள்ளத்தாக்கில். குளிர்காலத்தில் சாயங்காலத்துக்கு முன்பே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும்.

நாங்கள் மூன்றரை மணிக்குக் குளித்து எழுந்தோம். என் மனைவிக்கு இடுப்பு வரை முடி, பருத்திச் சுடிதார். கசோலுக்கு நான்கு கிலோமீட்டர்தானே என்று கிளம்பினோம். முதல் பத்து நிமிடம் உடம்பு கதகதவென்று இருந்தது. அந்தக் கதகதப்புதான் ஏமாற்றுகிறது. வெந்நீரில் தோலடி ரத்தக் குழாய்கள் விரிந்திருக்கும். வெளியே வந்ததும் அவற்றின் வழியாகவே உடம்புச் சூடு வெளியேறும். ஈரத் துணியும் முடியும் இன்னும் வேகமாகச் சூட்டை இழுக்கும். பாதி வழியில் அவளுக்குப் பேச்சு குழறியது, விரல் மடங்கவில்லை. டீக்கடை அம்மா ஒருவர் உள்ளே இழுத்து, ஈரத்தை மாற்றி, விறகடுப்புப் பக்கத்தில் உட்கார வைத்தார். அதன்பின் இரண்டு நாள் காய்ச்சல். டெல்லியிலிருந்து எடுத்திருந்த ரயில் டிக்கெட்டும் வீணாயிற்று.

இதைச் சொன்னால், "வெந்நீர்தானே அண்ணா, ஒண்ணும் ஆகாது" என்கிறார்கள். அதைக் கேட்டால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

மதியத்துக்கு முன்பே குளித்துவிடுங்கள். தலையை நனைக்காதீர்கள், பத்து நிமிடம் போதும். எழும்போது மெதுவாக எழுங்கள், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றும். நன்றாகத் துவட்டி, உலர்ந்த கம்பளியும் குல்லாவும் போட்டு, அங்குள்ள குருத்வாராவில் (சீக்கியர் கோயில்) லங்கர் என்னும் இலவசச் சாப்பாட்டை நிதானமாகச் சாப்பிட்டு அரை மணி நேரம் உட்காருங்கள். அப்புறம் நடக்கலாம். தலை முழுகியே தீருவேன் என்றால், திரும்பும்போது வண்டியில் வாருங்கள்.

ஊற்றுவாயில் கை வைப்பது

அரிசியையும் கொண்டைக்கடலையையும் துணியில் முடிந்து வேகவைக்கும் தண்ணீர் அது. குளிக்கும் தொட்டி வேறு.

போட்டோவுக்காக ஆற்றுப் பாறையில் இறங்குவது

பார்வதி போய்ச் சேரும் பியாஸ் ஆற்றில், 2014 ஜூன் 8 அன்று, லார்ஜி அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் ஹைதராபாத்திலிருந்து சுற்றுலா வந்த 24 மாணவர்களை அடித்துக்கொண்டு போனது. அவர்களும் பாறைமேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள்தான்.

நிழல் வளைவுகளில் வேகநடை

கறுப்புத் தார்மேல் ஐஸ் கண்ணுக்குத் தெரியாது. செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள்.