பார்த்தீனியத்தை மழை விட்ட மறுநாளே பிடுங்குங்கள்

அணைக்கட்டு பக்கம் கோடை மழை ஒன்று பெய்தால் போதும், வேலியோரம், களத்துமேடு, கொல்லை வரப்பு எங்கும் பார்த்தீனியம் என்ற களைச்செடி முளைத்துவிடும். சாமந்தி இலை போல வெட்டு வெட்டாக இருக்கும், நொய்யரிசி இறைத்தது போல வெள்ளையாகப் பூக்கும். அந்தப் பூ வருவதற்குள் முந்திக்கொள்வதில்தான் எல்லாம் இருக்கிறது. முளைத்து ஒன்றரை மாதத்துக்குள் பூத்துவிடும், அப்புறம் ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை கொட்டும்.

மழை விட்ட மறுநாள் மண் ஈரமாக இருக்கும்போது அடித்தண்டைப் பிடித்து இழுத்தால் ஆணிவேரோடு வந்துவிடும். கத்தியால் அறுத்துவிடாதீர்கள், அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். எங்கள் அம்மா வெறுங்கையால் பிடுங்கி, முழங்கை வரை தடித்து, பல நாள் தூங்காமல் சொறிந்துகொண்டிருந்தார். குழந்தைகளை இந்த வேலைக்கு விடவே வேண்டாம்.

பூக்காத செடியைக் கம்போஸ்ட் குழியில் போடலாம். பூத்ததைப் போட்டால் எருவோடு விதையும் கொல்லைக்குப் போய்ச் சேரும்.

பயிர் வைக்காத பாதையோரம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் கல்லுப்பு, கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, நல்ல வெயிலில் இலை நனைய அடியுங்கள். பயிர் நிலத்தில் இதைச் செய்யாதீர்கள், உப்பு மண்ணைக் கெடுக்கும். காலியான இடத்தில் ஆவாரை விதையைத் தூவி வையுங்கள். அது அடர்ந்துவிட்டால் பார்த்தீனியம் அவ்வளவாகத் தலையெடுக்காது.